பதில்: போனை வாங்கிப் பூட்டி வைக்கலாமா?

வணக்கம்ங்க. திருப்பூரில் பத்துப் பேர் வேலை செய்யும் மெர்ச்சண்டைசிங் (துணி ஆர்டர்களைக் கவனிக்கும்) ஆபீஸ், எல்லோரும் போனையே பார்க்கிறார்கள், காஸ்டிங் ஷீட்டில் (செலவு, விலைக் கணக்குத் தாளில்) தப்பு வருகிறது, காலையிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கைக்குழந்தையை, முடியாத அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள் தவித்துப்போவார்கள்.

முதலில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் வருகிறது என்று பாருங்கள். நானும் இதே தொழில்தான். எங்களிடம் பாதிக்குமேல் வந்தது ரீல்ஸ் இல்லை. டையிங் (சாயம் போடுவது), பிரிண்டிங், தையல் யூனிட் என்று ஆபீஸே தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்கள். "சாம்பிள் போயாச்சா?" என்று பத்து நிமிடத்துக்கொருமுறை கேட்டால் கணக்கில் கவனம் எப்படி நிற்கும்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. அதனால் வேலை முடிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

நாங்கள் காஸ்டிங் போடும் 10 முதல் 12 மணி வரை எல்லா குரூப்பையும் மியூட் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் 8 மணி நேரத்துக்குக் குறைவாக மியூட் வைக்க முடியாது. அதனால் 12-க்கு நாமே மியூட்டை எடுத்துவிட வேண்டும். அவசரமென்றால் போன் அடிக்கணும், மெசேஜ் கூடாது. இந்த விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மெசேஜ் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் செய்துபார்த்து, ஷீட்டில் தப்பு குறைந்ததா என்று இங்கே எழுதுங்கள்.