வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தது. பையனின் கட்-ஆஃப் நன்றாகவே இருக்கிறது; பெரிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் எட்டாது. "மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கிடு" என்று தாய்மாமன் சொல்லிவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கும் வரை பேச்சு போயிருக்கிறது. கவலைப்படாதீர்கள் என்றேன். அப்புறம் கேட்டேன்: தவணையை மாமாவா கட்டப் போகிறார்?

பையன் வாயே திறக்கவில்லை. போனில் கப்பல்கள் நகரும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. "சார், துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பல் எல்லாம் இதில் வரும். எங்க படகு வராது" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். அந்த வரைபடம், கப்பல் இருக்கும் இடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். என்ற கருவி அனுப்பும் தகவலை நம்பியது. கருவி இல்லாவிட்டால், அல்லது அணைத்துவிட்டால், கப்பலே இல்லை என்றாகிவிடும்.

அப்படி மறைந்த கப்பலைக் கண்டுபிடிக்கத்தான் செயற்கைக்கோள் ரேடார். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் சாதாரணக் கேமரா திணறும். ரேடாருக்கு மேகமும் இருட்டும் பொருட்டில்லை. மேலிருந்து சாய்வாக வரும் ரேடார் அலையை அமைதியான நீர் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவதால் கடல் கறுப்பாகத் தெரியும். கப்பலின் இரும்புச் சுவரிலும் மூலைகளிலும் பட்டு அலை திரும்பி வரும், அது வெள்ளைப் புள்ளி. காற்றடித்தால் கடலும் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓடும் கப்பல் தன் நீர்த்தடத்தை விட்டுத் தள்ளித் தெரிவது இன்னொரு வேடிக்கை. ஃபைபர் படகு சிக்குவது கஷ்டம், அதையும் சொல்லிவிட்டேன். கடைசியில் புள்ளிகளை ஏ.ஐ.எஸ்.ஸோடு பொருத்துவார்கள்; ஜோடி சேராத புள்ளிதான் விஷயம், அதுதான் கருவி இல்லாத கப்பல், அல்லது அணைத்துவிட்ட கப்பல்.

இதைப் படிக்க வழி கிண்டியிலேயே இருக்கிறது: அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் கம்ப்யூட்டரில் அலசும் படிப்பு. கவுன்சிலிங்கில் வரும் சீட், அரசுக் கட்டணம். வேலை கம்ப்யூட்டர் துறை அளவு கொட்டிக் கிடக்காது. பைத்தானும் கணக்கும் கட்டாயம். ஆனால் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோள் 2025 ஜூலையில் ஏறியது பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்கள் இலவசம், அதைப் படிக்கும் ஸ்நாப் மென்பொருளும் இலவசம்.

அப்பாவிடம் கறாராகச் சொன்னேன், பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது. தம்பிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: சென்னைத் துறைமுகத்தின் சென்டினல் படம் ஒன்றை இறக்கி, வெளியே நிற்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். மாமாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.