சட்டைப் பைக்கு எந்தப் பேனாக்கத்தி?

கேள்வி: தினமும் கூடவே வைத்துக்கொள்ள எடை குறைந்த மடக்குக் கத்தி ஒன்று வேண்டும். வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்துவது என் வேலை. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, மதியம் ஒரு கொய்யாவோ மாங்காயோ நறுக்க, அவ்வளவுதான். ஓப்பினல் 8, விக்டோரினாக்ஸ் கேடட், பெஞ்ச்மேட் பக்அவுட் என்று மூன்றில் வந்து நிற்கிறேன். எடை குறைவானது எதுவோ அதை வாங்கிவிடலாமா?

பதில்: எடையை வைத்து முடிவெடுக்கப் போனால் நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பீர்கள். ஓப்பினலும் கேடட்டும் ஏறக்குறைய 45 கிராம், பக்அவுட் 52 கிராம். இதே சட்டைப் பையில் 200 கிராம் போனைப் போட்டுக்கொண்டு அலைகிற நமக்கு இந்த ஏழு கிராம் தெரியவே தெரியாது. பையில் உறுத்துவது கத்தியின் தடிமனும் நீளமும்தான்.

ஓப்பினலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் சவாய் மலைப் பகுதியில் 1890 முதல் செய்துவரும் கத்தி, பீச் மரக் கைப்பிடி, 8.5 செ.மீ. அலகு. அந்த அலகு மெல்லியது, அதனால் மாங்காயை இது சீவுகிற மாதிரி மற்ற இரண்டும் சீவாது, சும்மா சொல்லவில்லை. ஆனால் மடக்கினாலும் 11 செ.மீ. நீளம், உருண்டைப் பிடி, பேன்ட் பாக்கெட்டில் ஒரு கேரட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கிளிப்பும் கிடையாது. கார்பன் எஃகு வகையை வாங்கினால் மாங்காய்ப் புளிப்பு பட்டதும் அலகு கறுத்துப்போகும், துடைக்காமல் மடக்கினால் துருவும் பிடிக்கும். நம் ஊர் வியர்வைக்கு ஸ்டெயின்லெஸ் வகையே சரி. அப்புறம் ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பருத்து அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கும். அப்போது அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் வளையப் பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். சவாய்க்காரர்களே இப்படித்தான் தட்டுகிறார்கள்.

பக்அவுட் நல்ல கத்தி, மறுக்கவில்லை. ஒரு கையால் திறக்கலாம், பூட்டு உறுதி, பாக்கெட் ஓரத்தில் கிளிப்பில் தொங்கும், எஸ்30வி எஃகு வெகுநாள் கூர் தாங்கும். ஆனால் அழுத்திப் பிடித்தால் அந்த பிளாஸ்டிக் கைப்பிடி லேசாக வளைகிறது, கொடுத்த காசை நினைத்தால் அது மனதை உறுத்தும். இன்னொன்று, ஒரு வீட்டு மாடியில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது 8 செ.மீ. கத்தியை ஒரே கையில் ‘டக்’கென்று விரித்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசியுங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் இதுவும் கணக்குத்தான்.

உங்களுக்கு நான் சொல்வது கேடட். மடக்கினால் 84 மி.மீ., தட்டை, சட்டைப் பையில் பேனா மாதிரி கிடக்கும். அலகு சிறியது என்றாலும் நீங்கள் சொன்ன எல்லா வேலைக்கும் போதும். கூடவே இரண்டு அளவு ஸ்க்ரூடிரைவர், பாட்டில் திறப்பான், டின் திறப்பான், நகம் தேய்க்கும் அரம். ஒன்று மட்டும் கவனம்: கைப்பிடி அலுமினியம், மின்சாரம் பாயும். வெயில் பட்டுக்கொண்டிருக்கும் பேனல் எப்போதும் உயிரோடுதான் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வயர் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள், அதற்கு இன்சுலேட் செய்த கட்டர்தான்.

கேடட்டில் பூட்டு இல்லை. வெட்டும்போது பிரச்சினை இல்லை, குத்தும்போதுதான் வினை. இதே மாதிரி பூட்டில்லாத ஒரு கத்தியால் பழைய பெல்ட்டில் ஓட்டை போடப் போய் அது என் ஆள்காட்டி விரல் மேலேயே மடங்கியது, மூன்று தையல். தப்பு கத்தியுடையது இல்லை.

வாங்கும்போது அலகின் அடிப்பகுதியைப் பாருங்கள், விக்டோரினாக்ஸ் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்பதும் அங்கே பொறித்திருக்கும். சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை மட்டும் போட்டு நடைபாதையில் விற்பதெல்லாம் வேறு சரக்கு.

கேள்வி: கூர் போனால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பதில்: அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் கொடுங்கள், அதில் அவர்கள் கைகாரர்கள். பேனாக்கத்தி வேண்டாம். சுழலும் கல்லில் மெல்லிய அலகு நொடியில் சூடேறி எஃகின் பதம் போய்விடும், பாதி அலகும் பொடியாகக் கொட்டும். விக்டோரினாக்ஸ் எஃகு அவ்வளவு கடினம் இல்லை, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். பீங்கான் டீக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையம் ஒன்று இருக்கும், அதில் ஒரே சாய்வில் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்தாலே பேப்பர் வெட்டும். எஸ்30வி மாதிரி கடின எஃகுக்கு இது போதாது, வைரத்தூள் பூசிய தகடு வேண்டும்.

கேள்வி: இதையெல்லாம் பையில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? விமானத்தில்?

பதில்: விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். சாவிக்கொத்தில் மாட்டியிருக்கும் குட்டிக் கத்தியை மறந்துபோய் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுப்பவர்கள்தான் அதிகம். ஊருக்குள் என்றால், நம் ஆயுதச் சட்ட விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி, அதிலும் வீட்டு, விவசாய, தொழில் உபயோகக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. பழம் வெட்டுகிற கத்தி அந்தப் பக்கமே போகாது. பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்தி வேண்டாம், அதை வைத்துக்கொண்டு மாங்காய்க் கதை சொன்னால் எந்த ஏட்டும் நம்ப மாட்டார்.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பிக்கு ஓப்பினல் 8 பரிசாகக் கொடுக்கலாமா?

பதில்: சமையலறையில் வைத்துக்கொள்வார் என்றால் தாராளமாக. வெளியே கொண்டுபோவார் என்றால் வேண்டாம். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மடக்குக் கத்தி மட்டும்தான், அதுவும் வெட்டும் ஓரம் 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, பூட்டும் இருக்கக் கூடாது. ஓப்பினல் 8 இரண்டிலும் மாட்டும். அலகு 8.5 செ.மீ., 1955இல் சேர்த்த வளையப் பூட்டு வேறு. கேடட் இரண்டிலும் தப்பிக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். அதுவும் பெரிதாகத் தோன்றினால் விக்டோரினாக்ஸின் 58 மி.மீ. கிளாசிக் இருக்கிறது, ஏறக்குறைய 21 கிராம், கத்தியை விட அதிலிருக்கும் குட்டிக் கத்தரிக்கோலைத்தான் தம்பி அதிகம் பயன்படுத்துவார்.