கேள்வி–பதில்: காட்டெருமைக்கு எந்த ரைஃபிள்?

கேள்வி: என்னிடம் .30-06 இருக்கிறது. இம்பாலா, குடு போன்ற மான்கள் எல்லாம் அதில்தான் சுட்டேன். அடுத்த குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் ஆப்பிரிக்கக் காட்டெருமை (கேப் பஃபலோ) வேட்டைக்கு முன்பணம் கட்டிவிட்டேன். நண்பர்கள் .458 லாட்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். குறி கொஞ்சம் தப்பினாலும் பெரிய குண்டு சமாளித்துவிடும் என்பது அவர்கள் கட்சி. உண்மையா?
— டர்பன் வாசகர்

சமாளிக்காது. குடலில் பட்ட குண்டு .375 ஆனாலும் .500 ஆனாலும் எருமை புதருக்குள் போய்விடும். பிறகு அதைத் தேடிப் போகிறவர்களின் உயிர்தான் பணயம். காட்டெருமையின் இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டைப் பிடித்துக் கீழிருந்து மேலே வாருங்கள். உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்துங்கள். குண்டு போகவேண்டிய இடம் அது. அங்கே போய்ச் சேராத காலிபருக்கு, அதாவது குழல் அளவுக்கு, பெருமை ஏதுமில்லை.

ஆனாலும் .30-06 போதாது. 180 கிரெயின் எடையுள்ள குண்டோடு அது தரும் ஆற்றல் சுமார் 3,950 ஜூல். 300 கிரெயின் குண்டோடு .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தருவது சுமார் 5,800. பக்கத்து நமீபியாவில் காட்டெருமைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 5,400 ஜூல். குடு, ஓரிக்ஸ் போன்றவற்றுக்கு 2,700 போதும். ஜூல் கணக்கைவிட முக்கியமானது ஊடுருவல். தடித்த தோல், அதன் கீழே தோள் எலும்பு, ஒன்றன்மேல் ஒன்று படிந்த விலா எலும்புகள் இவ்வளவையும் தாண்டி நுரையீரலின் மறுபக்கம் வரை குண்டு நேர்கோட்டில் போகவேண்டும். அதற்குக் கனமும் நீளமும் உள்ள குண்டு வேண்டும். பெரிய காலிபர்களின் மேல் உள்ள ஈர்ப்பு வெறும் ஜம்பம் அல்ல என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஓடத் தொடங்கிவிட்ட எருமைக்குப் பின்புறமிருந்து சாய்வாக இரண்டாவது குண்டு போடவேண்டி வரும்போது .416-க்கும் .30-06-க்கும் உள்ள வித்தியாசம் கண்முன்னே தெரியும்.

இனி உங்கள் தேர்வு. .375 வந்தது 1912-இல். தோட்டாவின் தோள் சரிவாக இருப்பதால் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். தோட்டா கிடைக்காத ஊர் ஆப்பிரிக்க வேட்டை வட்டாரங்களில் அபூர்வம். நாலு கிலோ ரைஃபிளில், சுடும்போது தோளில் விழும் அதன் உதை சுமார் 53 ஜூல், அதாவது உங்கள் .30-06 போல இரண்டு மடங்கு. நாலரைக் கிலோ ரைஃபிளில் .416 ரிக்பி கிட்டத்தட்ட மூன்று மடங்கு, .458 லாட் மூன்றரை மடங்கு. லாட்டை எடுத்த முதல் நாளே பத்துத் தோட்டா சுட்டவர்களில் பலர் பதினோராவதற்கு விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுகிறார்கள். அந்தப் பயம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் .30-06-இலும் குறி போய்விடும்.

அதனால் .375 வாங்குங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு எருமைதான் என்றால் வாங்கவே வேண்டாம். வேட்டை நடத்துபவரிடமே வாடகைக்கு .375 இருக்கும். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவழியுங்கள். வாங்குவதாக இருந்தால் இன்றே தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். அது கைக்கு வரும்வரை முழுப் பணம் கட்டியிருந்தாலும் ரைஃபிள் கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். சாதாரண லைசென்ஸ்காரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்து இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒருவர் பழைய .458 வின்செஸ்டர் மேக்னம் போல்ட் ரைஃபிள் ஒன்றை நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். பார்க்கப் புதிதுபோல இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? இந்தக் காலிபருக்குக் கெட்ட பெயர் உண்டு என்றும் கேள்விப்பட்டேன்.
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1956-இல் வின்செஸ்டர் இதைக் கொண்டுவந்தபோது சாதாரண நீள ரைஃபிளுக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகத் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் குட்டையாக்கினார்கள். 500 கிரெயின் குண்டுக்குக் கீழே வெடிமருந்தை அமுக்கி அடைக்கவேண்டியதாயிற்று. வெயிலில் நாள்பட்டுக் கிடந்த தோட்டாக்களில் மருந்து கட்டிதட்டியது. சில தோட்டாக்கள் சொன்ன வேகத்துக்கு வெகுவாகக் கீழே போயின. மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்டுப் பிழைத்த ஜாக் லாட் என்ற அமெரிக்கர் பிற்பாடு நீளமான கூட்டோடு .458 லாட்டை உருவாக்கினார். இன்று நல்ல கம்பெனித் தோட்டாவில் அந்தக் கோளாறு இல்லை. பழைய ரைஃபிளை வாங்கலாம், ஆனால் அதோடு சேர்த்துக் கொடுக்கும் பழைய தோட்டாப் பெட்டியை வாங்காதீர்கள்.

ரைஃபிளைக் கையில் வாங்கியதும் குழலைப் பார்க்காதீர்கள். பெரிய காலிபர்களில் குழல் தேய்வதற்குள் கட்டைதான் (தோளில் வைக்கும் மரப்பகுதி) உடையும். தோட்டாவை ஏற்றும் போல்டைக் கழற்றிவிட்டு, உலோகத்தின் பின்நுனி மரத்தோடு சேரும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தலைமயிர் போல ஒரு கோடு ஓடினால் ஒவ்வொரு உதையும் அங்கே மரத்தைப் பிளந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் தடவிய மரத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும். மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) முன்னும் பின்னும் மரத்துக்குள் குறுக்கு போல்ட் இருக்கிறதா, குழலின் கீழே இரண்டாவதாக ஓர் உதை தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத .458 இப்போது பிளக்காவிட்டாலும் ஒருநாள் பிளக்கும். பளபளவென்று புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கோந்து வைத்து ஒட்டிய விரிசலை மறைக்க அதைவிட வசதியான வழி இல்லை.

அடுத்தது தோட்டா ஏறும் விதம். இதில் ஒப்பேற்றக் கூடாது. மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை மேகசின் நிறையப் போட்டு, ரைஃபிளைத் தோளில் வைத்தபடியே போல்டை வேகமாக முழுதும் இழுத்துத் தள்ளுங்கள். பிறகு மெதுவாகச் செய்யுங்கள். பிறகு ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்துச் செய்யுங்கள். முப்பது தடவையில் ஒருமுறை சிக்கினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அல்லது சரிசெய்யும் கூலியை விலையில் கழியுங்கள். மவுசர் 98 வகையில் போல்டின் அகலமான நகம் தோட்டா மேகசினை விட்டு எழும்போதே அதன் அடியைப் பற்றிக்கொள்ளும். அவசரத்தில் பாதி தள்ளிவிட்டு மறுபடி இழுத்தாலும் அந்தத் தோட்டா வெளியே வந்துவிடும். வெறுமனே முன்னால் தள்ளும் வகையில் அது அறைக்குள்ளேயே நின்றுவிட, பின்னாலேயே இன்னொன்று போய் முட்டிக்கொள்ளும். எருமை எதிரே வரும்போது நடக்கக்கூடாத விஷயம் அது. ஆபத்தான விலங்குக்கு மவுசர் வகையையே எடுங்கள் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

சுட்டுப் பார்க்க அனுமதித்தால் மூன்று நிஜத் தோட்டா போட்டு இரண்டு சுடுங்கள். மூன்றாவதை எடுத்துப் புதுத் தோட்டா ஒன்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உதையில் மேகசினின் முன்சுவரில் மோதி மோதிக் குண்டு கூட்டுக்குள் இறங்கியிருந்தால், தோட்டாவின் வாய் சரியாக இறுக்கப்படவில்லை. அது தோட்டாவின் குறை. குண்டு இறங்கினால் அழுத்தம் எகிறும் என்பதால் அந்த வகைத் தோட்டாவை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் ரைஃபிள் மேல் எனக்குப் பல வருட ஆசை. வடக்கில் நீர் எருமை வேட்டைக்குப் பயன்படுத்த நினைக்கிறேன். அந்த விலைக்கு மதிப்பு உண்டா?
— டார்வின் வாசகர்

ஆசைப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனிப் பூட்டு என்று ஒரே கட்டையில் இரண்டு துப்பாக்கி. ஒன்று பழுதானாலும் மற்றது வெடிக்கும். இரண்டாவது குண்டுக்கு விரலை நகர்த்தினால் போதும். .470 பிறந்ததற்கு நம் பக்கமும் ஒரு காரணம். பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபரைத் தடைசெய்தது. பழைய மார்ட்டினி-ஹென்றிப் படைத்துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகளைக் கலகக்காரர்கள் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் அளவைச் சற்று மாற்றி .465, .470, .475 என்று வரிசையாகச் செய்துதள்ளினார்கள்.

விலை ஏன் அவ்வளவு என்றால், இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடவேண்டும். பட்டறையில் ஒருவர் சுட்டுப் பார்த்து, குழல்களுக்கு இடையே உள்ள ஆப்பைச் சூடாக்கி நகர்த்தி, மறுபடி சுட்டு, மறுபடி நகர்த்தி அதைச் சரிக்கட்டுகிறார். அந்த உழைப்பு முழுக்க ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காகச் செய்யப்படுகிறது. நீங்கள் வேறு கம்பெனித் தோட்டாவைப் போட்டால் வலக்குழல் ஒருபக்கமும் இடக்குழல் ஒருபக்கமும் போகும். ஆகவே எந்தத் தோட்டாவுக்குச் சரிசெய்தது என்று முதலில் கேளுங்கள். அது இன்றும் விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 50 மீட்டரில் வலம் இடம் வலம் இடம் என்று நான்கு சுட்ட காகிதத்தைக் கேளுங்கள். நான்கு ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கவேண்டும். முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த குழலில் முழுச் செம்பு குண்டு போடாதீர்கள். ஈயம் உள்ளே இருக்கும் குண்டு போல அது நெளிந்துகொடுக்காது. மெல்லிய பழைய குழலில் உள்வரிகளின் தடம் வெளியே புடைத்துத் தெரியும் அளவுக்குச் சேதம் வரும்.

திறந்த புல்வெளியில் 120 மீட்டரில் சுடவேண்டி வரும் என்றால் உங்கள் நீர் எருமைக்கு ஸ்கோப் வைத்த .375-தான் பொருத்தம். சதுப்புநிலப் புதரில் முப்பது நாற்பது மீட்டர் என்றால் இரட்டைக்குழலை எடுங்கள்.

கேள்வி: விரியும் குண்டா, விரியாத சாலிடா? கடைக்காரர் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி எடுக்கச் சொல்கிறார்.
— ஜோகன்னஸ்பர்க் வாசகர்

சரியாகத்தான் சொல்கிறார். எருமைக்கு முதல் குண்டு விரிவது. கூட்டமாக நிற்கும்போது சாலிட் ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்திவிடும். காயம்பட்டு ஓடும் எருமைக்கு அடுத்தடுத்த குண்டுகள் சாலிடாக இருக்கலாம். யானைக்குச் சாலிட் மட்டுமே. விரியும் குண்டிலும் சாதாரண வகை வேண்டாம். உள்ளே ஈயத்தை உறையோடு பிணைத்த வகையோ முழுச் செம்பு வகையோ எடுங்கள். இரண்டும் ஒரே புள்ளியில் போகிறதா என்று 50 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். கையகலத்துக்கு மேல் விலகினால் சாலிடின் கம்பெனியை மாற்றுங்கள்.

கேள்வி: கனடாவில் .460 வெதர்பி வாங்கலாமா? மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குத்தான்.
— டொராண்டோ வாசகர்

வேண்டாம். 2020 மே முதல் அங்கே 10,000 ஜூலுக்கு மேல் தரும் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டவை. .460-இன் 500 கிரெயின் குண்டு வினாடிக்கு 2,600 அடி வேகத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. மூஸுக்கு .30-06 போதும். கரடி உள்ள மலைக்காட்டுக்குப் போவீர்கள் என்றால் .338 வின்செஸ்டர் மேக்னம் அல்லது .375.

கேள்வி: எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தா வைத்திருந்த .405 வின்செஸ்டர் ரைஃபிள் வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசை. என்ன செய்வது?
— கோயம்புத்தூர் வாசகர்

முதல் வேலையாக அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ்காரர் போனபின் அது வீட்டில் இருப்பதே குற்றம். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம் எல்லாம் வைத்து உங்கள் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். மாநகர எல்லைக்குள் இருந்தால் காவல் ஆணையரிடமும், வெளியே இருந்தால் ஆட்சியரிடமும் போகவேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். தாத்தா வைத்தது என்பதற்காக அதில் விலக்கு இல்லை.

வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் சேலம், தர்மபுரிக் காடுகளில் கையில் வைத்திருந்ததும் .405 வின்செஸ்டர்தான். ஆகவே உங்கள் ஆசை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் இங்கே அதைக் கொண்டு வேட்டையாட வழியில்லை. நம்மூர் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்குச் செய்வது .315, .30-06 போன்றவை. .405 தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. அலமாரியில் பழைய தோட்டா இருந்தால் சுட்டுப் பார்க்காதீர்கள், அதையும் துப்பாக்கியோடு ஒப்படையுங்கள். பழைய தோட்டாக்களின் கேப்பில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருந்த உப்பு குழலை உள்ளே அரித்திருக்கும். ஒப்படைக்கும்போதே கடைக்காரரைக் குழலைத் துடைத்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். லைசென்ஸ் வரும்வரை சும்மா கிடக்கும் குழலுக்கு ஈரக்காற்றுதான் எதிரி.

கேள்வி: .375 வாங்கிவிட்டேன். வேட்டைக்கு நாலு மாதம் இருக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது?
— டர்பனிலிருந்து இன்னொரு வாசகர்

மேசையில் உட்கார்ந்து சுடுவது ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும். ஆறு தோட்டா போதும். உட்கார்ந்த உடம்பு உதையோடு பின்னால் போகாது, முழு உதையையும் தோள் வாங்கும். ஈயப் பை ஏற்றிய தாங்கியில் ரைஃபிளைக் கட்டிச் சுடவே சுடாதீர்கள். துப்பாக்கி நகர வழியில்லாமல் அந்த உதை கட்டையில் இறங்கிப் பிளந்துவிடும்.

மற்றதெல்லாம் முக்காலித் தடியில், நின்றபடி, 50 முதல் 80 மீட்டரில். ஒரு நாளைக்குப் பதினைந்து தோட்டா, அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் சுட்டதும் ரைஃபிள் தோளில் இருக்கும்போதே போல்டை இழுத்து அடுத்ததை ஏற்றுங்கள். நடுநடுவே நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் டம்மியைக் கலந்து வைக்கட்டும். வெடிக்காத தோட்டாவுக்கும் குழல்முனை கீழே குத்தினால் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்திவிட்டு ஒரு வாரம் .22-இல் சுடுங்கள்.

குழல்முனையில் உதை குறைக்கும் பிரேக் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். உதை குறையும், ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி, கூடவே நிற்கும் தடம் பார்ப்பவரின் காதைக் கெடுக்கும். பல வேட்டை வழிகாட்டிகள் அதை அனுமதிப்பதில்லை. ஸ்கோப்பும் குறைந்த உருப்பெருக்கத்தில், ஒன்று முதல் நான்கு வரை உள்ளது போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் குறைந்தது 90 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குக் கீழே போனால் புருவத்தில் தையல் போடவேண்டி வரும்.