வானராக்கினிக்குப் பணியாரம்

வணக்கம் ஐயா,

யூதர்களின் ஒரே கடவுள் கொள்கையை மோசே எகிப்து மன்னன் அக்நாதனிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? பல தெய்வங்களிலிருந்து ஒரே கடவுளுக்கு வந்தது மனித சிந்தனையின் வளர்ச்சிதானே?

ச.

அன்புள்ள ச.,

அக்நாதனைக் காணொளிக்காரர்களிடமே விட்டுவிடுங்கள். மனநல ஆய்வாளர் ஃபிராய்டு 1939இல் அதைப் புத்தகமாகவே போட்டார். சான்றுதான் இன்றுவரை வந்தபாடில்லை.

'வளர்ச்சி' என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்குப் போவது போலவா? சினாய் பாலையில் குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தை 1975-76இல் தோண்டியபோது பெரிய சாடிகள் கிடைத்தன. கி.மு. 800 வாக்கில் அவற்றில் யாரோ வாழ்த்து எழுதியிருக்கிறார்கள், 'சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்' பெயரால். யாவே என்பது யூதர்களின் கடவுள் பெயர். அசேரா அவருடைய மனைவியான பெண் தெய்வமா, வழிபாட்டுக்கு நட்ட வெறும் மரக்கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அது கிடக்கட்டும்.

பள்ளி நாட்களில் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கண் மங்கியிருந்தது. சாயங்காலம் நான்தான் பைபிள் வாசித்துக் காட்டுவேன், அதிகாரத்துக்கு ஒரு கடலைமிட்டாய். ஒருநாள் எரேமியா, ஏழாம் அதிகாரம். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பாக்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள். எல்லாம் வானராக்கினிக்குப் பணியாரம் சுட. பழைய தமிழ் பைபிளில் பணியாரம் என்றேதான் இருக்கிறது! தீர்க்கதரிசி கொதிக்கிறார். எனக்கோ அந்த வீட்டுக்குள் போய் உட்காரத் தோன்றியது. "பணியாரம் சுட்டது தப்பா ஆச்சி?" என்றேன். "மேல வாசிடே" என்றாள்.

மேலே வாசித்தால் 44ஆம் அதிகாரம். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்துவிட்டது. எகிப்துக்கு ஓடிவந்த ஆண்களையும் பெண்களையும் எரேமியா திட்டுகிறார்: மற்ற தெய்வங்களைக் கும்பிட்டீர்கள், அதனால் அழிந்தோம். அவர்கள் அசரவில்லை. வானராக்கினிக்குத் தூபம் காட்டியவரை வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்தினோம், அன்று பிடித்தது பஞ்சமும் வாளும் என்கிறார்கள். யூதாவின் யோசியா ராஜா கி.மு. 622 வாக்கில் கோயிலிலிருந்த அசேராவை வெளியே எடுத்து எரித்ததை நினைத்துப் பாருங்கள், அவர்கள் நிறுத்தியது அப்போதாக இருக்கலாம். அவர்கள் கணக்கில் என்ன பிழை? ஒரே தோல்வி, இரண்டு விளக்கம். ஏன் ஐயா, அந்தப் பெண்களை மூடர்கள் என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

எரேமியாவின் விளக்கம் நிலைக்க வேண்டுமென்றால் யாவே தோற்றிருக்கக் கூடாது. பாபிலோன் அவர் கைப் பிரம்பாக இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் பாபிலோனும் அவருடையது. பாபிலோன் சிறையிருப்பின் கடைசியில் எழுந்த, ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதிக் குரல் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது: பாரசீகத்து ராஜா கோரேசும் அவர் அபிஷேகித்தவன்தான், அவரைத் தவிர வேறு தெய்வமே இல்லை. நாடும் கோயிலும் போன சனம் அழுதழுது போட்ட கணக்கு இது. இதையா சாவகாசமாக 'வளர்ச்சி' என்கிறீர்கள்?

அப்புறமும் எல்லாரும் அதை ஒத்துக்கொண்டுவிடவில்லை. நைல் நதியின் எலிஃபண்டைன் தீவில் யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள், கோயிலும் வைத்திருந்தார்கள். கி.மு. 400 வாக்கில் எழுதிய அவர்களின் காணிக்கைக் கணக்கு கிடைத்திருக்கிறது. யாஹூவுக்கு, அதாவது யாவேக்கு, 12 கர்ஷ், 6 ஷெக்கல் வெள்ளி (பத்து ஷெக்கல் ஒரு கர்ஷ்). அனத்பெத்தேல் என்ற பெண் தெய்வத்துக்கு 12 கர்ஷ். ஆறு ஷெக்கல்தான் வித்தியாசம்.