விலை ஒப்பிடும் விகிதக் கணக்குகள்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம்: நாட்டுச் சர்க்கரை 750 கிராம் 60 ரூபாய், 2 கிலோ 150 ரூபாய். எது மலிவு என்று கேட்டால், என் மகன் 750 : 2 என்று எழுதிவிட்டு விழிக்கிறான், ஐயா.

பதில்: இரண்டு பக்கமும் ஒரே அலகில் இல்லாதவரை அது விகிதமே ஆகாது. 2 கிலோவை 2000 கிராமாக மாற்றினால் 750 : 2000, அதாவது 3 : 8. சிறிய பொட்டலத்தின் விலைப்படி 2 கிலோவுக்கு 'அ' ரூபாய் என்று கொண்டால், 3 : 8 = 60 : அ. முனை உறுப்புகளின் (3, அ) பெருக்கற்பலனும் நடு உறுப்புகளின் (8, 60) பெருக்கற்பலனும் சமம் என்பதால் 3அ = 480; அ = 160. பெரிய பையே பத்து ரூபாய் மலிவு.

பொள்ளாச்சி: தேங்காய் எண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 368, இன்னொன்றில் கிலோ 390. லிட்டர் கடைதானே மலிவு?

பதில்: இல்லை. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை, அதாவது அதன் அடர்த்தி, ஏறத்தாழ 0.92 கிலோதான். 368ஐ 0.92ஆல் வகுத்தால் கிலோ 400 ரூபாய் ஆகிறது.

ஈரோடு: மஞ்சள் குவிண்டால் 14,000 ரூபாய் என்றால் 65 கிலோ மூட்டை எவ்வளவு?

பதில்: குவிண்டால் என்பது 100 கிலோ. கிலோ 140, மூட்டை 9,100.

காங்கேயம்: எண்ணெய்க் கணக்கில் அடர்த்தியை இழுப்பது அறிவியல் பாடம். பிள்ளைகளுக்கு லிட்டரும் கிலோவும் ஒன்று என்றே வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: கூடாது. அந்தச் சமன்பாடு தண்ணீருக்குத்தான் பொருந்தும். கொப்பரையும் எண்ணெய் ஆலையும் நிறைந்த உங்கள் ஊரிலேயே பாருங்கள்: மேற்சொன்ன விலையில் 15 லிட்டர் வாங்குபவர் 5,520 ரூபாய் கொடுத்து 13.8 கிலோ எண்ணெயைத்தான் கொண்டு போகிறார், அதே 13.8 கிலோ மற்றக் கடையில் 5,382 ரூபாய். 138 ரூபாய் வேறுபாட்டை மறைக்கும் எளிமை பிள்ளைகளுக்குத் தேவையில்லை. அடர்த்தியைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டால் ஆறாம் வகுப்புக் குழந்தையும் போட்டுவிடும்.

திருப்பூர்: 6 தையல் எந்திரத்தில் 10 நாளில் முடியும் ஆர்டர் 15 எந்திரத்தில்?

பதில்: 4 நாள். இது எதிர் மாறல்: எந்திரம் கூடக்கூட நாள் குறையும். விலைக் கணக்கு மட்டும் கேளுங்கள்.

தாராபுரம்: கடலை 400 கிராம் 56 ரூபாய், ஒன்றேகால் கிலோ 170...

பதில்: மறுபடியும் அலகு! 1250 கிராமாக்கி, முதல் பதிலின்படி போடுங்கள், 175 வரும்.

உடுமலை: மூன்று வாங்கினால் ஒன்று இலவசம், அல்லது 30 சதவீதத் தள்ளுபடி. எது நல்லது?

பதில்: இலவசத்தை மூன்றோடு ஒப்பிட்டு 33 சதவீதம் என்று கொள்வதே வழக்கமான பிழை. கையில் கிடைப்பவை நான்கு; அவற்றில் ஒன்றுக்குத்தான் பணமில்லை என்பதால் தள்ளுபடி 25 சதவீதமே. 30 சதவீதமே மேல், அதுவும் ஒன்றே ஒன்று வாங்கினாலும் கிடைக்கும்.