டச்சு பே பக்கம் ஒரு பழைய வீடு: கேட்டவர்களுக்கு என் பதில்

திருகோணமலை டச்சு பே கடற்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய ஓட்டு வீடொன்றைத் திருத்தி விலைக்கு விட்டிருக்கிறார்கள். 7 பேர்ச்சஸ் காணி, மூன்று அறை, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. இரண்டு கிழமையாக எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். வீடு அளந்து மதிப்புப் போட்டே காலம் கழித்தவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன். உறுதிப் பத்திர விஷயத்துக்கு, அதை எழுதும் உங்கள் நொத்தாரிசிடம்தான் போக வேண்டும்.

கேள்வி (பாலையூற்று): ஐயா, போய்ப் பார்த்தோம். புது வீடு மாதிரியே இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சுவரின் அடியைப் பாருங்கள், தங்கச்சி. அந்தக் காலத்துச் சுவர் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்து ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதற்கு மேல் சீமெந்து பூசிப் பெயின்ற்றும் அடித்துவிட்டால் ஈரம் எங்கே போகும்? முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டு உப்பைக் கக்கும்.

நானும் போன கிழமை போயிருந்தேன். குசினியை ஒட்டிய அறையில், அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். கோதுமை மா போல வெள்ளையாக விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்தேன், உப்பு. அவ்வளவு பெரிய அறையில் அலுமாரி ஏன் அந்த மூலையில் நிற்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

இதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சீமெந்தை நாலடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசுங்கள். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு, புதுச் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றுவித்து டோர்ச் அடியுங்கள். பனங்கைமரம் சுவருக்குள் போகும் நுனியில்தான் கறையான் ஏறும். பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள், கத்தி இறங்கினால் கூரைச் செலவும் உங்கள் தலையில்.

கேள்வி (உப்புவெளி): எந்த மாதம் பார்ப்பது நல்லது?

பதில்: கார்த்திகை, மார்கழி. வாடை மழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போங்கள். கச்சான் காற்றில் காயும்போது பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான்.

கேள்வி (ரொறன்ரோ): அண்ணன், நான் கனேடியப் பிரஜை. என் பெயரில் எழுதலாமா?

பதில்: இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்திருந்தால் எழுதலாம். எடுக்காவிட்டால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கும். வெளிநாட்டவருக்குத் தொடர்மாடி வீடுகளில் விதிவிலக்கு உண்டு. இது நிலத்து வீடு, அந்தக் கதை இங்கே சரிவராது. தங்கையின் பெயரில் வாங்கி வைப்போம் என்பவர்களுக்கு ஒன்று: உறுதியில் யார் பெயரோ, வீடு அவருடையது.

கேள்வி (லிங்கநகர்): விற்பவருக்கு அது சீதனமாக வந்த வீடாம். தாயும் அங்கேதான் இருக்கிறார். ஏதும் சிக்கல் வருமா?

பதில்: நல்ல கேள்வி. எங்கள் பக்கத்தில் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தாய் தகப்பன் சீவிய உருத்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அப்படி இருந்தால் மகள் மட்டும் கையெழுத்து வைத்துப் பயனில்லை. காணி உங்களுக்கு வரும், தாய் உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கும் உரிமை அவரிடமே இருக்கும். தாயும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும். என் சொந்தத்தில் ஒருவர் இதைப் பாராமல் வாங்கி, ஒன்பது வருடம் வாடகை வீட்டில் இருந்தார். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவுப் பிரதிகளை எடுத்து முழுவதும் வாசிப்பியுங்கள். கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்கிறார்களே, நில அளவையாளரை வைத்து அளந்தும் பாருங்கள்.

கேள்வி (அதே நண்பர்): முற்பணத்தை முத்திரை ஒட்டிய துண்டில் எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடுதான் செல்லும்.

கேள்வி (ஜமாலியா): பின்னால் ஒரு அறை இறக்கலாமா அண்ணன்?

பதில்: கடலின் உயர் நீர்க்கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குச் உள்ளூராட்சிச் சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். விற்பவர் இப்போது சேர்த்த குளியலறைக்கு அது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி (அநுராதபுரச் சந்தி): தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் கலந்த சந்து. பழக்கம் எப்படி?

பதில்: விடியப்புறம் பள்ளிவாசல் வாங்கு, அதற்குப் பிறகு கோயில் மணி, ஞாயிறில் தேவாலய மணி. மணிக்கூடு தேவைப்படாது. பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நானாவிடம் ஒரு தேத்தண்ணி குடித்துக் கதையுங்கள். வெள்ளம் எதுவரை ஏறும், 2004 கடல்கோளுக்குப் பிறகு கிணறு எவ்வளவு காலம் உவர்த்தது, விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

கேள்வி (மட்டக்களப்பு): பழைய முதிரை மர யன்னல்களைக் கழற்றி அலுமினியம் போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். போடத்தான் போகிறீர்கள் என்றால் கழற்றும் நாளைச் சொல்லுங்கள், ஏற்றிப்போக லான்ட்மாஸ்டர் வண்டி பிடித்துக்கொண்டு வருகிறேன்.