எட்டாம் அவெனியூவில் நோர்வேயைத் தேடாதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, இப்போது வேலைக்காக நியூயோர்க் வரப்போகிறீர்கள். புரூக்ளினில் நோர்வேக்காரர் தெரு ஒன்று இருக்கிறதாமே, அங்கே வீடு எடுத்தால் அந்தப் பாஷையும் சாப்பாடும் விட்டுப்போகாமல் இருக்குமா, தமிழ் முகத்தோடு போனால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறீர்கள். சிரித்தது என்னை நினைத்துத்தான். 2007இல் இதே கேள்வியோடு நானும் வந்தேன். கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை.

அந்த வருடம் மே 17, நோர்வேயின் அரசியலமைப்பு நாள், வியாழக்கிழமை. புது வேலையில் கெஞ்சி லீவு வாங்கினேன். சேலை கட்டி, சிவப்பு வெள்ளை நீல நாடாவை நெஞ்சில் குத்தி, கைப்பையில் சின்னக் கொடி ஒன்றையும் வைத்துக்கொண்டு, 'என்' வரிசை ரயிலில் எட்டாம் அவெனியூ நிலையத்தில் போய் இறங்கினேன். மேலே ஏறி வந்தால் ஊர்வலமும் இல்லை, வாத்தியமும் இல்லை. தெரு நெடுகச் சீனக் கடைகள். நடைபாதையில் ஐஸ் கொட்டிய பெட்டிகளில் மீன், வாளிக்குள் நண்டு, சாக்குச் சாக்காகக் காய்ந்த இறால். ஒரு கடைக்காரர் என் நாடாவைப் பார்த்துவிட்டு, ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்த ஐஸின் மணம் மட்டும் எனக்கு ஊர் மணம். நான் வளர்ந்தது நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கின் போட்ஸ்ஃபியோர்ட்டில். அப்பாவும் அம்மாவும் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர்கள்.

ஊர்வலம் 17ஆம் திகதியில் அல்ல, அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 1814 அரசியலமைப்புக்கு யார் விடுமுறை தரப்போகிறார்கள்?

அந்த எட்டாம் அவெனியூவைத்தான் ஒரு காலத்தில் 'லாப்ஸ்கௌஸ் புலவார்' என்றார்கள். லாப்ஸ்கௌஸ் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொன்னால், இறைச்சி, உருளைக்கிழங்கு, கரட் எல்லாம் ஒரே சட்டியில் குழையக் காய்ச்சுவது. நம் ஒடியல் கூழைப் போல இதுவும் கடலோடிகளின் சாப்பாடு. இங்கே வந்தவர்களில் கணிசமானோர் நோர்வேயின் தென்கரைக்காரர்: லிஸ்தா, ஃபார்சுண்ட், குவீனெஸ்டால் பக்கம். கப்பலை விட்டு இறங்கிய மாலுமிகள், தச்சர்கள், துறைமுகத்தில் தூண் இறக்குபவர்கள், பணக்கார வீடுகளில் வேலை செய்த பெண்கள். முதலில் ரெட் ஹூக்கில் இருந்தார்கள். கப்பல்துறைகள் தெற்கே நகர நகர அவர்களும் சன்செட் பார்க், பே ரிட்ஜ் என்று பின்னாலேயே போனார்கள். பிறகு புரூக்ளினை ஸ்டேட்டன் ஐலண்டோடு இணைக்கும் வெரசானோ பாலம் வந்தது. 1964இல் அதைத் திறப்பதற்குள், அதற்குப் போகும் சாலைக்காக பே ரிட்ஜில் 7000 பேர் அளவில் வீடிழந்தார்கள். அவர்களில் நோர்வேக்காரர் நிறைய. மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள் ஸ்டேட்டன் ஐலண்ட், நியூ ஜெர்சி, லோங் ஐலண்ட் என்று தோட்டமுள்ள வீடு தேடிப் போனார்கள். அங்கே நோர்வேயில் எண்ணெய் கிடைத்தது. அதற்குப் பிறகு பிழைப்புத் தேடிக் கப்பலேற யாருக்கும் காரணம் இருக்கவில்லை. சிலர் திரும்பியே போய்விட்டார்கள். லிஸ்தாவின் வான்சே ஊரில் இன்றும் 'புரூக்ளின் ஸ்குவேர்' என்று ஓர் இடம் இருக்கிறது, அமெரிக்கத் திருவிழாவும் நடக்கிறது. புரூக்ளினில் நோர்வேயைத் தேடுகிறவர், முதலில் நோர்வேயில் புரூக்ளினைப் பார்த்துவிட்டு வாருங்கள். விமான டிக்கெட்டுக்கு முன் செய்யக்கூடிய காரியம் அது.

ஆகவே வீட்டை வேலைக்குக் கிட்ட எடுங்கள். இங்குள்ள நோர்வே இப்போது தெருவில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மே மாத ஞாயிறு ஒன்று, அமெரிக்கா வந்த பழைய வைக்கிங் மாலுமி லீஃப் எரிக்சனின் நாளான ஒக்டோபர் 9, நத்தாருக்கு முந்திய விற்பனைச் சந்தை, இடையில் சில சாப்பாட்டுக் கூட்டங்கள். அந்த நாட்களில் எங்கிருந்தெல்லாமோ கார்களில் வந்து கூடுவார்கள், மறுநாள் காணமாட்டீர்கள். கடைகளை நம்பாதீர்கள். மூன்றாம் அவெனியூவில் 1987 முதல் நோர்டிக் டெலிகசீஸ் என்றொரு கடை இருந்தது. மீன் உருண்டை டின்னும் வீட்டுக் கதையும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். 2015இல் அதையும் மூடிவிட்டார்கள். நம் பழுப்புச் சீஸ் புரூனோஸ்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் சீஸ் பகுதியில் சிவப்பு உறையில் 'ஸ்கீ குவீன்' என்ற பெயரில் இருக்கும். விலையைப் பார்க்காமல் எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். நோர்வேயில் நாம் நோய் வந்தாலும் வேலை போனாலும் அரசாங்கத்தின் மேல் சாய்ந்து வளர்ந்தவர்கள். இங்கே வந்த நோர்வேக்காரருக்குச் சாய ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் தாங்களே கட்டினார்கள். 1883இல் எலிசபெத் ஃபெட்டே என்ற மதச் சகோதரி தனியாக வந்து இறங்கி, நோயாளி மாலுமிகளையும் ஏழைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பணியிலிருந்து வளர்ந்த மருத்துவமனைதான் இன்று வேறு பெயரில் சன்செட் பார்க்கில் நிற்கிறது. 1895இல் மினியாபொலிஸில் தொடங்கிய 'சன்ஸ் ஒஃப் நோர்வே' இன்று கலாசாரச் சங்கம் போலத் தெரியும். ஆரம்பத்தில் அது நோய்க்கும் சாவுக்கும் காசு சேர்த்த சங்கம், நம் ஊர் மரண உதவிச் சங்கம் மாதிரி. எல்லோரும் கரையேறவுமில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத நோர்வே மாலுமிகள் ரெட் ஹூக்கில் தகரமும் பலகையும் பொறுக்கிக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அந்த இடத்துக்கு 'ஊர்க்கனென் சூர்' என்று பெயர். வேதாகமத்தில் வரும் சூர் வனாந்தரம். நோர்வே மொழியில் சூர் என்றால் புளிப்பு என்பதும் உங்களுக்குத் தெரியும். பசியிலும் சிலேடை விடவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்முன் மருத்துவக் காப்புறுதிப் பக்கத்தை இரண்டு தரம் படியுங்கள். முதல் வருடம் கணுக்கால் சுளுக்குக்கு வந்த பில்லைப் பார்த்து, இலக்கம் தவறி அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

இனி, சேர்த்துக்கொள்வார்களா என்பது. அடுத்த வருடம் சரியான ஞாயிறு பார்த்துப் போனேன், அதே சேலை. ஊர்வலம் லீஃப் எரிக்சன் பூங்காவில் முடிந்தது. 1939இல் பட்டத்து இளவரசர் ஊலாவ் திறந்துவைத்த கல் அங்கே இருக்கிறது. அதன் அருகில் மடிப்புக் கதிரையில் பூனாட் என்ற நோர்வேப் பாரம்பரிய உடை உடுத்த ஒரு கிழவி. என் நாடாவைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், எந்த ஊர் என்று நோர்வே மொழியில் கேட்டார். போட்ஸ்ஃபியோர்ட் என்றேன், வடக்குப் பேச்சிலேயே. கிழவி சத்தமாகச் சிரித்து, பக்கத்தில் இருந்தவரை இடித்து, "இவள் வடக்கத்திக்காரி!" என்றார். அவருக்கு என் நிறம் பெரிதாகப் படவில்லை, நான் தென்கரைக்காரி இல்லை என்பதுதான் குறை. யாழ்ப்பாணத்தில் தீவுப்பகுதியா வடமராட்சியா என்று கேட்கிற அதே நோய். எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். "அதற்கு முன் எந்த ஊர்?" என்று இரண்டாம் கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒஸ்லோவில் அதைக் கேட்டுப் பழகியவர்தானே நீங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அவர்களுடைய நோர்வே உங்களுடைய நோர்வே அல்ல. நீங்கள் டாக்கோவும் உறைந்த பிட்ஸாவும் தின்று வளர்ந்தவர். அவர்கள் கூட்டம் போட்டு லூட்டெஃபிஸ்க், காரநீரில் ஊறவைத்த காய்ந்த மீன், சாப்பிடுகிறவர்கள். தாத்தா கப்பலேறிய வருடத்தோடு அவர்கள் பேச்சு நின்றுவிட்டது, நடுவில் ஆங்கிலமும் கலந்துவிட்டது. தெருவைக் கடப்பதை 'குரோஸ்ஸெ ஸ்திரீட்டென்' என்பார்கள். ஒரு முதியவர் அப்படிச் சொன்னபோது, கெட்டித்தனமாக நான் திருத்தினேன். அவர் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். இன்றும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது. நோர்வேத் தமிழ்ப் பள்ளிகளில் நம் அம்மாக்கள் 1985இன் யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சிரித்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

பழகுவதற்கு வழி, விருந்தாளியாகப் போகாமல் இருப்பது. டூக்னாட், நம் சிரமதானம்தான், அதில் மட்டும் பழைய நோர்வேயும் புதிய நோர்வேயும் ஒன்று. 62ஆம் தெருவில் 'யோவா' என்ற விளையாட்டுக் கழகம் 1911 முதல் இருக்கிறது, துருவப் பயணி அமுண்ட்சனின் கப்பல் பெயர். இன்று அங்கே பந்து உதைக்கும் பிள்ளைகளில் நோர்வேப் பெயர் குறைவு, கழகம் நடக்கிறது. எந்தக் கூட்டமானாலும் அரைமணி நேரம் முந்திப் போய்க் கதிரை விரியுங்கள். முடிந்தபின் அடுக்குங்கள். இரண்டாவது தரம் பெயர் கேட்பார்கள், மூன்றாவது தரம் பொருளாளர் பதவியைத் தலையில் கட்டுவார்கள். அதை மட்டும் மறுத்துவிடுங்கள். நான் ஆறு வருடம் பட்டேன்.

பெட்டியில் இடமிருந்தால் நல்ல ஓஸ்டெஹூவெல், சீஸ் சீவும் கருவி, இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்று எனக்கு. என்னுடையது தேய்ந்துவிட்டது.